நாற்பத்தொன்பதாவது மணி

உத்தரவின் ஏழாவது பத்தி சொல்கிறது:
இரண்டு கிழமைக்கு ஒருமுறை
வெள்ளி மாலை ஆறிலிருந்து ஞாயிறு மாலை ஆறு வரை
தூரிகா எனக்கு.
நாற்பத்தெட்டு மணித்தியாலம்.
கணக்கில் நான் கெட்டிக்காரன் இல்லை,
இதை மட்டும் பிழைவிட்டதில்லை.

கஸ்டடி என்ற சொல்லை
இந்த நாட்டுச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்களாம்.
சட்டத்தரணி ஒலிவேரா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:
அது காவல் நிலையத்துச் சொல்,
பிள்ளைக்குப் பொருந்தாது.
இனிமேல் பெற்றோருக்கு உள்ளது நேரம்.
மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
நேரம்.
நெற்றியில் அடித்துக்கொண்டு
எங்கள் ஆட்கள் சொல்கிற அதே சொல்.
எல்லாம் என்ர நேரம்.
ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை.
வதனி மட்டும்
மேசைக்கு அந்தப் பக்கம்
உதட்டைக் கடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தாள்.

நவம்பர் முதல் ஞாயிறு
அதிகாலை இரண்டு மணிக்கு
மாகாணமே மணிக்கூட்டைப் பின்னால் திருப்பிவைக்கும்.
இந்த முறை அது என் வார இறுதி.
நாற்பத்தொன்பது!
உத்தரவை எழுதியவர்கள்
நத்தார் இரட்டை வருடத்தில் யாருக்கு,
பொங்கல் ஒற்றை வருடத்தில் யாருக்கு,
காய்ச்சல் வந்தால் யார் லீவு எடுப்பது,
கடவுச்சீட்டு எந்த லாச்சியில் கிடப்பது
எல்லாம் எழுதினார்கள்.
இந்த ஒரு மணித்தியாலத்தை எழுத மறந்துபோனார்கள்.
நானும் வாய் திறக்கவில்லை.
கடைக்காரன் தவறிக் கூடத் தந்த சில்லறையை
எண்ணாமல் பையில் போடுகிற ஆள்மாதிரி
இருந்துவிட்டேன்.
மார்ச்சில் திருப்பி எடுப்பார்கள், தெரியும்.
எண்ணிப் பார்த்தேன், பதினெட்டுக் கிழமை.
அதுவும் என்னுடைய வார இறுதிதான்.
நாற்பத்தேழு.
கடன் என்று வைத்துக்கொண்டேன்.

அதற்காகக் கண்விழித்தேன்.
இரண்டு மணி மறுபடி ஒரு மணி ஆனதைக்
கைபேசியில் பார்த்தேன்.
அவளோ
ஒரு கால் போர்வைக்கு வெளியே,
இந்த வீட்டுக்கென்று வாங்கிய பைஜாமா
கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்க,
வாயைத் திறந்தபடி நித்திரை.
அந்த வீட்டில் வளர்ந்திருக்கிறாள்.
ஹீட்டர் மூன்று தரம் இருமியது.
போர்வையை இழுத்துவிட்டேன்.
அவ்வளவுதான் செலவழிக்க முடிந்தது.

பின்னேரம்
புத்தகப்பை, இன்ஹேலர், நூலகப் புத்தகம்,
ஒற்றைக் கையுறை,
மற்றது எங்கே என்று எந்த வீட்டுக்கும் தெரியாது,
எல்லாம் ஏற்றிக்கொண்டு
ஏஜாக்ஸில் நானூற்றியொன்றுக்குப் பக்கத்து
ரிம் ஹோர்ட்டன்ஸ் தரிப்பிடத்துக்கு வந்தேன்.
காரில் ஆறாக ஐந்து நிமிடம்.
இருட்டத் தொடங்கியிருந்தது.
வதனியின் வெள்ளைக் கார் ஏற்கெனவே நின்றது.

"அப்பா, உங்கட மணிக்கூடு பிழை,"
பின் இருக்கையிலிருந்து தூரிகா.
"ரீச்சர் வெள்ளிக்கிழமையே சொன்னவா."
பழைய கொரோலா.
அதற்கு யாரும் உத்தரவு அனுப்பவில்லை.
ஐந்தாகவே இன்னும் ஐந்து நிமிடம்.

வெள்ளைக் காரின் கண்ணாடி இறங்கியது.
எட்டு மாதத்தில் முதல் தடவை
பத்தி எண் இல்லாத ஒரு கேள்வி:
"நீங்களும் மாத்தேல்லையோ?"

தூரிகா இறங்கி
இரண்டு காருக்கும் நடுவே
வெறுமையாய்க் கிடந்த இடத்தில் நின்றாள்,
மஞ்சள் கோட்டில் ஒரு சப்பாத்து.
"அப்ப இப்ப என்ன செய்யிறது?"
நாங்கள் இரண்டு பேரும்
ஒன்றாய் வாயைத் திறந்து
ஒன்றாய் மூடினோம்.
"எனக்குப் பசிக்குது" என்றாள்.
காத்திருக்கவில்லை.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளிடம் காசில்லை.
இரண்டு கார்க் கதவுகள் திறந்தன.